ஆஸ்பத்திரிக் கட்டு

என் அண்ணன் பதின்மூன்று ஆண்டுகள் சம்பளத்துக்குக் காற்பந்து விளையாடினார். வார்டில் நோயாளிக்குக் குறிப்பு எழுதுவது எனக்குப் பழகிய வேலை. அதே முறையில் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

1. பதினெட்டு வயதில், கிள்ளானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தவரைக் கோலாலம்பூர் இரும்புப் பட்டறை ஒன்றின் துரை பார்த்தார். மறுவாரமே வேலைக்கு எடுத்துக்கொண்டார். பதிவேட்டில் ஃபிட்டர். எடுத்தது பட்டறை அணிக்கு, இடது பக்கம் தடுத்தாடும் லெப்ட் பேக்காக.

2. அந்த ஆண்டே மூக்கெலும்பு உடைந்தது. வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஒட்டிக்கொண்டது.

3. அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் வந்து அம்மாவையும் என்னையும் பிரிக்பீல்ட்ஸில் தொழிலாளர்களுக்குப் பட்டறை வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த லயத்து வீட்டுக்கு அழைத்துப் போனார்.

4. விலா எலும்பு இரண்டு, ஒரு மணிக்கட்டு, கால் நகங்கள் கணக்கில்லை.

5. அணி இரண்டாம் பிரிவிலேயே இருந்தது. ஒருமுறையும் முதல் பிரிவுக்கு ஏறவில்லை.

6. முப்பத்தொன்றாம் வயதில், ரவாங்கில், இடது முழங்கால்.

7. அந்த முழங்காலோடு ஏழு வாரம் ஆடினார். ஏழு வாரமும் கட்டுப் போட்டவள் நான்.

8. எட்டாவது வாரம் நான் கட்டுப் போடவில்லை.

பந்து ஆடுவதற்குச் சம்பளம் என்று யாரும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. பட்டறை வேலைக்குத்தான் சம்பளம். ஆனால் ஆட்ட நாட்களில் சங்கு ஊதுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பதினோரு பேர் கை கழுவிக்கொண்டு வெளியே வருவார்கள். மற்றவர்கள் சம்மட்டியோடு நின்று பார்ப்பார்கள். லயத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் இரும்புத் தகடுகளில் ரிவெட் ஆணி அடிப்பவர். உலைச் சூட்டில் முகம் கறுத்திருக்கும். அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"வாங்க மாப்ள, வாங்க! நாங்க கையால சம்பாதிக்கிறோம், நீங்க காலால சம்பாதிக்கிறீங்க. சோத்தை மட்டும் எதால சாப்பிடுறீங்க?"

"நீ ஊட்டி விட்டா வாயால சாப்பிடுவேன், வா" என்பார் அண்ணன். இருவரும் சிரிப்பார்கள். அந்தக் கேலியில் பொறாமை இருந்ததா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பேக் ஆட்டக்காரருக்குக் கைதட்டல் கிடையாது. கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் விழாமல் தடுத்தவனை யாருக்கும் நினைவிருக்காது. விழுந்தால் மட்டும் திடல் முழுக்க அவன் பெயரைச் சொல்லும். அண்ணன் அதிகம் ஓடமாட்டார். எதிரி எங்கே வந்து சேர்வான் என்று பார்த்து முன்பே அங்கே நிற்பார். கோல் போடுகிறவன் போல வேகம் இல்லை, பாய்ச்சல் இல்லை. நிற்பார், அவ்வளவுதான். மெதுவானவர் என்று சொன்னவர்கள் உண்டு. நான் பார்த்த ஆட்டங்களில் அவரைத் தாண்டிப் போனவர்கள் குறைவு.

காய்ந்த திடலில் அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார். கணுக்காலில் மட்டும் துணி சுற்றிக்கொள்வார். அணியில் பெரும்பாலோர் அப்படித்தான். ஈரத் திடலில் பூட்ஸ் போட வேண்டும் என்பது துரையின் உத்தரவு. ரவாங்கில் அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. பந்துக்காகத் திரும்பியபோது பூட்ஸின் அடியிலிருந்த குமிழ்கள் சேற்றில் பிடித்துக்கொண்டன. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. நடுவில் இருந்த முழங்கால் அந்த முறுக்கை வாங்கிக்கொண்டது. வெறுங்காலாக இருந்திருந்தால் வழுக்கி விழுந்திருப்பார், எழுந்திருப்பார்.

அப்போது நான் பெரிய ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். லயத்தில் எல்லோரும் என்னை, நர்ஸைக் கூப்பிடுவது போல, மிஸி என்றே கூப்பிடுவார்கள். சனிக்கிழமை மதியம் எனக்கு விடுப்பு. ரவாங் ஆட்டத்துக்கு மறுவாரச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அண்ணன் அரிசிப் பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலை முழுவதும் நீட்ட முடியவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. இரு கைகளாலும் பிடித்து மெல்ல அசைத்தேன். ஒரு சிறு சத்தத்தோடு விடுபட்டது. அவர் மூச்சு வாங்கினார். சுளுக்கு அப்படிப் பூட்டிக்கொள்ளாது. ஆண்கள் வார்டில் இதைப் பார்த்திருக்கிறேன். மூட்டுக்குள் பிறை போல வளைந்த குருத்தெலும்பு ஒன்று இருக்கிறது. அது கிழிந்து இடையில் சிக்கிக்கொள்கிறது.

"பட்டறை டிரெசர்கிட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டேன். டிரெசர் என்றால் பட்டறை மருந்தறையைப் பார்த்துக்கொள்பவர், காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுபவர்.

"காட்டுனா புத்தகத்துல எழுதுவாரு. புத்தகம் திங்கக்கிழமை துரை மேசைக்குப் போகும். தெரியாத மாதிரி கேட்கிறே."

எனக்குத் தெரியும். ரப்பரும் ஈயமும் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்து இயந்திரங்களையும் சேற்றிலிருந்து ஈயம் வாரும் கப்பல்களையும் பழுது பார்த்துப் பிழைத்த எங்கள் பட்டறைக்கும் வேலை வருவது குறைந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு முறை, வேலையிலிருந்து நிறுத்தியவர்களின் பெயர்ப் பட்டியலை வாசல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பெயர் இருந்தவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கப்பலில் இந்தியாவிலிருந்த சொந்த ஊருக்குப் போனார்கள். பந்துக்காரர்கள் பதினோரு பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஆடுகிற வரைக்கும் துரை தொடமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த பட்டியல் வரப்போகிறது என்றும் எல்லோருக்கும் தெரியும். அம்மா தோட்டத்தில் பிறந்தவள். நாங்கள் இருவரும் கிள்ளானில் பிறந்தவர்கள். எங்களை எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

"பட்டியல் வர்ற வரைக்கும் கட்டி விடும்மா. அப்புறம் உங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டுறேன்" என்றார் அண்ணன்.

கட்டினேன். எனக்கு அந்த வேலை நன்றாக வரும். முழங்காலை லேசாக மடக்கி வைத்து, இரு பக்கக் குழிகளிலும் பஞ்சு வைத்து, கீழிருந்து மேலாக எட்டு வடிவில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் மூன்றில் இரண்டு பங்கை மறைக்க வேண்டும். குறுக்கே வெட்டும் இடங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். முடிவில் ஊக்கை வெளிப்பக்கம் குத்த வேண்டும், உட்பக்கம் குத்தினால் மறுகாலைக் கிழிக்கும். தேர்வில் என் கட்டை மேட்ரன் மற்ற மாணவிகளுக்குக் காட்டியிருக்கிறார். அண்ணன் காலிலும் அதே போலக் கட்டினேன். வேறு மாதிரி கட்ட எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுந்து இரண்டு முறை குந்திப் பார்த்துவிட்டு, "கால் புதுசாயிடுச்சு" என்றார்.

ஆறு ஆட்டங்கள் அப்படி நடந்தன. இரண்டு முறை முழங்கால் பூட்டிக்கொண்டது. இரண்டு முறையும் அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்து தானே விடுவித்துக்கொண்டார். ஏழாவது ஆட்டம் கிள்ளானில். வீட்டிலேயே கட்டி அனுப்பினேன், கூடப் போகவில்லை. அன்று அங்கே பெரிய மழை என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை, பட்டறை மருந்தறைக்கு அயோடினும் பஞ்சும் வாங்க டிரெசர் எங்கள் ஆஸ்பத்திரிக் கிடங்குக்கு வந்தார். வாரம் ஒருமுறை வருகிறவர்தான். என்னைப் பார்த்ததும் வராந்தாத் தூணருகே நின்றார். பருத்த மனிதர். வெற்றிலை போட்டிருந்தார்.

"மிஸி, உங்க அண்ணன் காலை யாரு கட்டுறது?"

"அம்மா கட்டுறாங்க, ஐயா."

"அப்படியா?" அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "கிள்ளான்ல அடிச்ச மழையில நம்ம ஆளுங்க பத்துப் பேர் கட்டும் அவுந்து வால் மாதிரி தொங்குச்சு. ரைட் பேக்கோட துணியை கோல்கீப்பர் மிதிச்சு ரெண்டு பேரும் சேத்துல உருண்டானுங்க. பாக்க வந்தவனெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். உங்க அண்ணன் கட்டு மட்டும் அப்படியே நின்னுச்சு. சுத்துக்குச் சுத்து ஒரே அளவு. ஊக்கு வெளிப்பக்கம்." வராந்தாவுக்கு வெளியே எச்சிலைத் துப்பினார். "உங்க அம்மா எந்த வார்டுல டிரெயினிங் எடுத்தாங்க?"

ஏழு வாரம் நான் மறைத்ததை என் கைவேலையே காட்டிக்கொடுத்துவிட்டது. கொஞ்சம் கோணலாகக் கட்டியிருக்கலாம். கிழிந்த துணியில் கட்டியிருக்கலாம். மற்றவர்கள் முடிச்சுப் போடுவது போல முன்னால் ஒரு முடிச்சுப் போட்டிருக்கலாம். இதெல்லாம் அந்தத் தூணருகே நின்றபோதுதான் தோன்றியது.

"உள்ள என்ன ஆச்சு? சுளுக்குன்னு மட்டும் சொல்லாதே."

"குருத்தெலும்பு கிழிஞ்சிருக்கு. அடிக்கடி பூட்டிக்குது."

அவர் தரையைப் பார்த்தார். "இதை நான் எழுதணும். எழுதலைன்னு தெரிஞ்சா அடுத்த லிஸ்ட்ல என் பேருதான் இருக்கும்."

"லிஸ்ட் எப்ப?"

"வர்ற திங்கக்கிழமை காலைல. நான் திங்கக்கிழமை மத்தியானம் எழுதுறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

"நடுவுல சனிக்கிழமை ஆட்டம் இருக்கே, ஐயா. ஆடலாமா?"

"என்னைக் கேட்டா? அந்த மூட்டைப் பிடிச்சுப் பாத்தது நீயா நானா?" என்று சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுவதும் வார்டில் ஒரே ஒரு கட்டிலின் பக்கம் திரும்பத் திரும்பப் போனேன். அதே மூட்டோடு, கிழிந்த பிறகும் வேலைக்குப் போய், மூன்றாம் முறை விழுந்த ஒரு சுரங்கத் தொழிலாளி அங்கே படுத்திருந்தார். அவருடைய முழங்கால் மரக்கட்டை போல ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை இரவுப் பணி தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன். நான் கட்டாவிட்டால் அண்ணன் ஆடப் போகமாட்டார் என்று நினைத்தேன். நான் செய்த பெரிய பிழை அதுதான்.

சனிக்கிழமை மதியம் அவர் வழக்கம்போல அரிசிப் பெட்டிமேல் காலை நீட்டினார். ஆட்டம் பிரிக்பீல்ட்ஸிலேயே, லயத்துக்குப் பின்னால் இருந்த திடலில். தோற்றால் அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். துரை நாற்காலி போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு நான் கட்ட மாட்டேன், அண்ணே."

"ஏன், துணி தீந்துருச்சா?"

"துணி இருக்கு. இன்னும் ஒரு தடவை திரும்புச்சுன்னா இந்த மூட்டு மறுபடி மடங்காது. டிரெசருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"அவரு எப்ப எழுதுறாராம்?"

"திங்கக்கிழமை மத்தியானம்."

"லிஸ்ட் காலைல வந்துரும். அப்ப ஒரே ஒரு ஆட்டம்தான். கட்டு."

"முடியாது, அண்ணே."

அவர் கோபப்படவில்லை. ஆட்டத்தில் எதிரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "மூட்டு மடங்கலைன்னா ஒருத்தன் நொண்டி. அந்த லிஸ்ட்ல பேரு வந்தா மூணு பேரு கப்பல்ல. உன் டிரெயினிங் முடிய இன்னும் எத்தனை மாசம்?"

"அதுக்காக நீங்க..."

"மாசத்தைச் சொல்லு."

"ஏழு."

"பாத்தியா?" என்று சொல்லிக் காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

நான் சுருட்டி வைத்திருந்த துணியைத் தகர டப்பாவில் போட்டு மூடினேன். அம்மா அதுவரை அடுப்பருகே இருந்தாள். எழுந்தாள். கொடியில் கிடந்த பழைய சேலையை எடுத்து, பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். அண்ணன் முன்னால் உட்கார்ந்து, விறகுக் கட்டைக் கட்டுவது போலச் சுற்றினாள். ஓரிடத்தில் மிக இறுக்கம், இன்னோரிடத்தில் தளர்ச்சி. முன்பக்கம் பெரிய முடிச்சு. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சுற்றும் எங்கே நழுவும் என்று எனக்குத் தெரிந்தது. கையை நீட்டவில்லை.

பெண்கள் திடலுக்குள் போவதில்லை. லயத்தின் குளிக்குமிடத்துக்குப் பின்னால் கம்பி வேலி உண்டு. அங்கிருந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்ததால் அண்ணன் வெறுங்காலோடு இறங்கினார். முதல் பாதியில் அவர் பக்கம் பந்து அதிகம் வரவில்லை. ரைட் பேக் இரண்டு பேர் வேலையைச் செய்து ஓடிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் எதிரணிக்குப் புரிந்துவிட்டது. பந்தையெல்லாம் அண்ணன் பக்கமே தள்ளினார்கள். அம்மாவின் கட்டு அவிழ்ந்து கணுக்காலுக்கு வந்தது. அவர் குனிந்து இழுத்துக் கட்டினார். மறுபடியும் அவிழ்ந்தது.

"அண்ணே, சேலை அவுருது லா! உள்ள போய் ஒழுங்கா கட்டிக்கிட்டு வாங்க!" என்று யாரோ கத்தினார்கள். திடல் சிரித்தது.

"பின் குத்தி விடுங்கடா யாராவது!"

மூன்றாவது முறை அவர் அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டார். இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல். கடைசி நிமிடங்கள். எதிரணியின் ஓரத்து ஆட்டக்காரன் அவரைத் தாண்டி உள்ளே வெட்டினான். அண்ணன் இடது காலை ஊன்றித் திரும்பினார். வலது காலை நீட்டிப் பந்தைத் தொட்டார். பந்து கோட்டுக்கு வெளியே போனது. அவர் விழுந்தார். கத்தவில்லை. கால் கிடந்த விதத்தை வேலியிலிருந்து பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலிக்குள் நுழைந்து ஓடியபோது டிரெசர் முன்பே வந்து மண்டியிட்டிருந்தார். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார். துரையின் நாற்காலிப் பலகையை உடைத்துக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பலகைகளுக்கு நடுவில் காலை வைத்து, அணி முழுவதும் சுற்றி நிற்க, நான் கட்டினேன். சுற்றுகள் ஒரே அளவில் வந்தன. துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்ததாகப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை பட்டியல் ஒட்டினார்கள். அண்ணன் பெயர் அதில் இல்லை. அடுத்த வீட்டு ரிவெட்காரர் பெயர் இருந்தது. ஒருவர் பெயர் விடுபட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் பெயர் வரும் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் புறப்பட்ட அன்று அவருடைய மனைவி அம்மிக்கல்லை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். ரிவெட்காரர் வார்டுக்கு வந்து அண்ணன் கட்டிலருகே நின்றார்.

"என்ன மாப்ள, காலாலதான் நிலைச்சே?"

"ஆமா" என்றார் அண்ணன். "போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு."

"யாரு எழுதுறது? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும்." அவர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார்.

அண்ணன் ஒன்பது வாரம் வார்டில் இருந்தார். டாக்டர் மூட்டைத் திறந்து கிழிந்ததை எடுத்தார். புண் ஒருமுறை சீழ் பிடித்தது. டிரெசர் சொன்னபடி புத்தகத்தில் எழுதினார். ஆனால் எழுதுவதற்கு முன்பே துரை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டிருந்தார். தன் கண்முன்னே விழுந்தவனை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை போலும்.

நான் கட்டியிருந்தால் அந்த மூட்டு தாங்கியிருக்குமா? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்களை எழுதிப் பார்த்திருக்கிறேன். அந்தத் திருப்பத்துக்கு எந்தக் கட்டும் தாங்காது என்பது ஒன்று. கட்டு நழுவியிராவிட்டால் அவர் மூன்று முறை குனிந்திருக்கமாட்டார், களைத்திருக்கமாட்டார், அந்த ஆள் அவரைத் தாண்டியே இருக்கமாட்டான் என்பது இன்னொன்று. டாக்டரிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, அம்மா விறகு கட்டிக்கொண்டிருந்தபோது, "அம்மா கட்டு எப்பவும் கொஞ்சம் லூசுதான்" என்றார். அம்மா கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

இப்போது நிலவரம் இது. அண்ணன் பட்டறையின் கருவி அறையில் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார். மாதம் ஒருமுறை பள்ளிக்கூடப் பாகைமானியை வைத்து அவருடைய இடது முழங்காலை அளக்கிறேன். நாற்பது பாகை மடங்குகிறது. ஓராண்டாக அதே நாற்பது. நான் பயிற்சி முடித்துப் பெண்கள் வார்டில் வேலை பார்க்கிறேன். அணி இரண்டாம் பிரிவில் இருக்கிறது. லெப்ட் பேக் இடத்தில் வேறொருவர் ஆடுகிறார். அடுத்த வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வரவில்லை. லயத்து வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம்.